அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வாங்கு

பரவை,
14.3.2006

அன்புள்ள மகன் அருள்பாண்டிக்கு அம்மா எழுதுவது.

நீ சுகமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன் இருமலைக் கேட்டுவிட்டேன், இனி சுகம் என்று நீ எழுதினாலும் நம்பமாட்டேன், சிமெண்டு மூட்டை இறக்கும்போது மூக்கில் துண்டைக் கட்டிக்கொள். இங்கே எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்பு பரவாயில்லை. உன் தங்கச்சி சத்யப்ரியா திருமங்கலத்தில் மாமியார் வீட்டில் இருக்கிறாள், பிள்ளைக்குக் கீழே இரண்டு பல் வந்திருக்கிறது, எதைக் கண்டாலும் கடிக்கிறானாம். மார்க்கெட்டில் இந்த வாரம் தக்காளியை எடுக்க ஆள் இல்லை, தக்காளி போட்ட செல்லம்பட்டிப் பக்கத்துச் சம்சாரிகள் பெட்டி பெட்டியாக ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள், அன்றைக்கே கோரிப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்த்தால் தள்ளுவண்டியில் போன மாத விலைதான் சொல்கிறார்கள். நடுவில் யார் தின்கிறார்கள் என்று கேட்டால் எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள். சரி, அது என்றும் உள்ளது. நான் எழுத வந்தது உன் வண்டி விஷயம்.

போனில் நான் சொல்லச் சொல்ல நீ சரிம்மா சரிம்மா என்று ஆறு தடவை சொன்னாய், எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். பிறகு லைன் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன். தங்கப்பொண்ணு அக்காவின் மருமகன் வெள்ளிக்கிழமை சென்னைக்குப் போய் அந்தமானுக்குக் கப்பல் ஏறுகிறார், கடிதத்தையும் ஒரு பார்சலையும் அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். அவை வந்து சேரும் வரை வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்காதே. கொடுத்திருந்தாலும் பரவாயில்லை, வண்டியை மட்டும் எடுக்காதே.

நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப் வேண்டும் என்று நீ சொல்லும் காரணம் நியாயமானது. வீடு கட்டுகிற இடமெல்லாம் காட்டுக்குள்ளே இருக்கிறது, மழை விட்டாலும் சேறு விடுவதில்லை, சாதாரண வேன் அச்சு வரை புதைந்துவிடுகிறது என்கிறாய். வாங்கு. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டியை விற்கிற முத்திருளன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், நீ போன புதிதில் மூன்று மாதம் தன் வீட்டில் இடம் கொடுத்துச் சோறு போட்டவர், அந்த நன்றி எனக்கும் உண்டு. ஆனால் உன் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய், நம்ம ஆளும்மா, அவர் முன்னாடி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் அசிங்கமாக இருக்கும் என்று. உன் அப்பாவுக்குச் சின்ன எழுத்து தெரிவதில்லை, நான்தான் சத்தமாகப் படித்தேன். அந்த வரி வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் நம் வண்டி உடைந்தபோது நீ திண்டுக்கல்லில் ஹாஸ்டலில் இருந்தாய், பரீட்சை நேரம், வண்டி கவிழ்ந்துவிட்டது, அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் சொன்னோம். நம் வண்டியில் மூட்டை இறக்க வந்துகொண்டிருந்த ஒச்சாயிக்குக் கால் போனது உனக்குத் தெரியும், எதனால் போனது என்று யாரும் உனக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்த வண்டியும் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான். மலை எஸ்டேட்டில் ஓடியது, கை மாறிக் கை மாறி உன் அத்தை புருஷன் பெரியகருப்பனிடம் வந்திருந்தது. விக்கிரமங்கலம் பக்கம் தோட்டத்துக்குள்ளேயே போய்க் காய் ஏற்றிவரலாம், மழைக்காலத்தில் தலைச்சுமை கிடையாது என்று உன் அப்பா ஆசைப்பட்டார். நாங்கள் இரண்டு பேரும் செக்கானூரணிக்குப் போனோம். நம் பக்கத்தில் சொந்தத்துக்குள் மாடு பிடித்தாலும் முதலில் வெற்றிலை மாற்றிக்கொண்டு பிறகுதான் மாட்டை அவிழ்ப்பார்கள், அது உனக்குத் தெரியும். வண்டிக்கும் அப்படியே செய்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை வந்தது, உன் அப்பா எடுத்துக்கொண்டார், அதற்கப்புறம்தான் வண்டி நிற்கிற இடத்துக்குக் கூட்டிப் போனார்கள். வெற்றிலையை வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். இருந்தாலும் உன் அப்பா டயரைப் பார்த்தார், கதவைத் திறந்து மூடினார், கீழே குனியப் போனார். அப்போது பெரியகருப்பன் சிரித்துக்கொண்டே, "தங்கச்சியக் குடுக்கும்போது நம்புன. தகரத்துக்கு நம்ப மாட்டியா மாப்ள" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். உன் அத்தை காபித் தம்ளரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உன் அப்பா குனிந்தவர் நிமிர்ந்துவிட்டார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், நானும் வாய் திறக்கவில்லை, அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

வண்டிக்கு அடியில் சேஸ் என்று இரண்டு நீளச் சட்டம் ஓடும், மொத்த வண்டியும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. கேபினுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் வலது பக்கச் சட்டம் எப்போதோ விரிசல் விட்டிருந்தது. யாரோ அதன் மேல் ஒரு தகட்டை வைத்து வெல்டிங் அடித்து, பட்டி பூசி, தார் மாதிரி கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். படுத்துப் பார்த்திருந்தால் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். நாலு மாதம் ஓடியது. ஐந்தாவது மாதம் கால்வாய்க்கரையில் கத்தரிக்காய் மூட்டை, மூட்டை மேல் நாலு பெண்கள், ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சட்டம் பிரிந்து பின்பெட்டி அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. மூன்று பேர் வாய்க்காலில் விழுந்து எழுந்தார்கள். ஒச்சாயியின் வலது கால் பெட்டிக்கும் டயருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஸ்டேஷனில் எழுதிக்கொண்டவர், அவர்களாகவே மேலே ஏறிக்கொண்டார்கள் என்று எழுதினார். அந்த ஊருக்கு அந்த நேரத்துக்கு எந்த பஸ் வருகிறது என்று அவர் கேட்கவில்லை. மூட்டை இறக்க ஆள் கூடவே வர வேண்டும் என்று சொன்னது யார் என்றும் கேட்கவில்லை. காய் நசுங்கிவிட்டது என்று வியாபாரி மறுநாள் வீட்டுக்கு வந்து சத்தம் போட்டார், காலுக்காகச் சத்தம் போட ஒருவரும் வரவில்லை. சொந்தக்காரர்கள் பத்துப் பேர் வந்தார்கள், எதற்கு வந்தார்கள் என்றால் குடும்பத்துக்குள் விஷயம், பெரியகருப்பனை ஒன்றும் கேட்டுவிடாதே என்று சொல்ல வந்தார்கள். நான் கேட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா, எனக்குத் தெரியாது, நானும் நம்ம ஆளிடம்தான் வாங்கினேன், நானும் அடியில் பார்க்கவில்லை என்றார். பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அவருக்கு விற்றவரும் அப்படியேதான் வாங்கியிருக்கிறார். மூன்று கை மாறி வந்திருக்கிறது, மூன்று பேரும் நம்ம ஆள், மூன்று பேருக்கும் அசிங்கமாக இருந்திருக்கிறது. ஏமாற்றுகிறவனிடம் வாங்கியிருந்தால் பார்த்து வாங்கியிருப்போம், ஒச்சாயி இன்றைக்கு இரண்டு காலில் நடந்துகொண்டிருப்பாள்.

அதற்கப்புறம் இப்போது ஓடுகிற வேனை வாங்கியது நான். உன் அப்பா எந்த வண்டியையும் பார்க்க வரமாட்டேன் என்றுவிட்டார். கோரிப்பாளையம் சிக்கந்தர் பாய் ஒர்க்‌ஷாப்புக்கு மூன்று வாரம் நடையாய் நடந்தேன், என்ன பார்க்க வேண்டும், எங்கே தட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதினேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே அடியில் படுத்தேன். தல்லாகுளத்தில் ஒரு வீட்டில் பார்க்கப் போனபோது, "பொம்பள வண்டிக்கடியில கெடக்கா, ஆம்பள எங்க போனான்" என்று ஒருவன் என் காதில் விழும்படி சொன்னான். ஆம்பளை குனியாததால்தான் நான் கிடக்கிறேன் என்று அடியிலிருந்தே சொன்னேன். அந்த வண்டி வேண்டாம் என்று வந்துவிட்டேன், அடுத்ததும் வேண்டாம் என்றேன், மூன்றாவதுதான் இது. இன்றைக்கு வரை நடுரோட்டில் நின்றதில்லை.

இனி நீ பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன், சாதாரண வண்டிக்குப் பார்ப்பது எனக்கே தெரியும், நாலு சக்கரம் இழுப்பதற்கும் கடல் தண்ணீருக்கும் சிக்கந்தர் பாயிடம் போன புதன்கிழமை போய்க் கேட்டு வந்தேன். காலையில் போ, வெயில் இருக்கும்போது போ, மழையில் நனைந்த வண்டியைப் பார்க்காதே, ஈரத்தில் எல்லாப் பெயிண்டும் புதிதாகத்தான் தெரியும். போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் உனக்காக முன்னாலேயே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று வந்துவிடு. ஆறின இன்ஜின் எப்படிப் பிடிக்கிறது, என்ன புகை விடுகிறது என்பதுதான் உனக்கு வேண்டும். பிறகு அடியில் படு. சேஸை முன்னாலிருந்து பின்னால் வரை, இரண்டு பக்கமும், சுத்தியலால் தட்டிக்கொண்டே போ, நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், பட்டியும் துருவும் இருக்கிற இடம் சத்தம் செத்துக் கேட்கும். முழுக்கத் துருப்பிடித்த வண்டியைவிட ஒரே ஒரு இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் அடித்த வண்டிக்குப் பயப்படு. பின் அச்சில் அடுக்கியிருக்கிற ஸ்பிரிங் பட்டைகளை எண்ணு, இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும், கூட ஒன்று செருகியிருந்தால் தாங்க முடியாத பாரத்தை வருஷக்கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நாலு சக்கரம் இழுக்கும் என்று சொன்னால் நம்பாதே. நிறையப் பேர் டீசல் மிச்சம் என்று முன் அச்சுக்குப் போகிற நீளமான ஷாப்டைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்களாம், உள்ளே லீவர் பாட்டுக்கு விழும், முன் சக்கரத்துக்கு ஒன்றும் போகாது, வாங்கினவன் சேற்றில் நிற்கும்போதுதான் தெரிந்துகொள்வான். அடியில் படுத்திருக்கும்போதே அந்த ஷாப்ட் இருக்கிறதா என்று பார், கையால் பிடித்து ஆட்டு, லொடலொடவென்று ஆடக்கூடாது. முன் சக்கரத்தின் நடுவில் திருகி மாட்டுகிற பூட்டு இருந்தால் இரண்டும் திரும்புகிறதா என்று பார், வருஷக்கணக்கில் தொடாமல் விட்டு இறுகிப் போயிருக்கும். பிறகு நாலு சக்கரத்தில் போட்டுத் தார் ரோட்டில் மெதுவாக முழு வளைவு வளைத்துப் பார். வண்டி முரண்டு பிடித்து இழுத்து இழுத்துத் திரும்பினால் நல்லது, முன் அச்சு வேலை செய்கிறது. வெண்ணெய் மாதிரி வளைந்தால் நாலு சக்கரம் பொய். ஒரு வளைவு போதும், அப்படியே ரோட்டில் ஓட்டிக்கொண்டு போகாதே, கெட்டுவிடும். நாலு டயரும் ஒரே அளவா என்று நம்பரைப் படித்துப் பார், சின்னதும் பெரியதுமாகப் போட்டு ஓட்டியிருந்தால் உள்ளே பல்சக்கரம் தேய்ந்திருக்கும்.

இதைவிட முக்கியம் கடல். அந்த வண்டி சுனாமி அன்றைக்கு எங்கே நின்றது என்று கேள். மேட்டில் நின்றது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நீ வண்டியிடம் கேள். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழு, கடைசி ஒரு முழம் வெளுத்தோ மண் படிந்தோ இருந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. கழுவுகிறவர்கள் கையெட்டுகிற வரைதான் கழுவுவார்கள். கால் வைக்கிற இடத்தில் போட்டிருக்கிற ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார், சீட்டின் அடியில் போல்ட் துருவேறியிருக்கிறதா பார், ஹெட்லைட்டுக்குள் கோடு போட்ட மாதிரி படிவு இருக்கிறதா பார். ஏதாவது ஒரு ஒயரின் ரப்பரை நகத்தால் தள்ளிப் பார், உள்ளே செம்பு பச்சை பிடித்திருந்தால் அந்த வண்டி இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு நிற்கும். அச்சின் நடுவில் பானை மாதிரி புடைத்திருக்கிற இடத்தை க்ரவுன் என்பார்கள், அதில் ஒரு நட்டைக் கழற்றி விரலை விட்டு ஆயிலைத் தொட்டுப் பார், பால் விட்ட டீ மாதிரி இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் பார். புது விரிப்பும் புது சீட் கவரும் ஊதுபத்தி வாசனையுமாக இருந்தால் இன்னும் நன்றாகப் பார். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற சேஸ் நம்பரை வண்டியில் அடித்திருக்கிற நம்பரோடு நீயே படித்துச் சரிபார், பேர் மாற்றாமல் அடுத்தவன் பேரில் ஓட்டாதே, நம்ம ஆள்தானே, மெதுவாக மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்து. வெற்றிலையோ டீயோ எதுவானாலும் பார்த்து முடித்த பிறகு வாங்கிக்கொள்.

இன்னொன்று. வண்டி வந்துவிட்டால் ஆட்களுக்குத் தனியாக வேன் பிடிக்க வேண்டாம், ராஞ்சி ஆட்கள்தானே, எட்டுப் பேரும் மூட்டை மேலேயே உட்கார்ந்து வந்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். என்னப்பா எழுத்து அது. ஊரைவிட்டுக் கடல் தாண்டிப் பிழைக்க வந்தவர்கள், உன்னை மாதிரிதான். உன்னை அங்கே இன்னொரு முதலாளி என்னவென்று எழுதுகிறானோ, மதராசி ஆட்கள்தானே என்று எழுதுவானாயிருக்கும். படித்தபோது எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன், நாலு நாள் கழித்துத்தான் பேனாவை எடுத்தேன். ஒச்சாயி இப்போது மார்க்கெட் வாசலில் வெங்காயம் தரம் பிரிக்கிறாள், செயற்கைக்கால் போட்டிருக்கிறாள், வெயிலில் அது புண்ணாக்குகிறது என்று பாதி நேரம் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள். நீ வண்டி வாங்கப் போகிறாய் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நேற்று என்னைக் கூப்பிட்டு, எம்புட்டு விலை, என்ன வண்டி என்றெல்லாம் கேட்கவில்லை. "மேல ஆள ஏத்துவானாக்கா" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது. நீ எழுதி அனுப்பு, நான் அவளிடம் போய்ப் படித்துக் காட்டுகிறேன்.

முத்திருளன் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். எங்கம்மா ஒரு பைத்தியம், படுத்துப் பார்க்காமல் வாங்கினால் வீட்டில் ஏற்றமாட்டாள் என்று சொல், பழியை என் மேல் போடு. அவர் நல்லவராக இருந்தால் அவரே டார்ச் பிடிப்பார். அவருக்கே தெரியாமல் அடியில் ஏதாவது இருந்தால் அவருக்கும் நல்லதுதான் செய்கிறாய். நம்பிக்கை என்பது ஆளுக்கு, இரும்புக்கு இல்லை.

பார்சலில் சுக்குப் பொடி இருக்கிறது, இருமலுக்குக் கருப்பட்டி போட்டுக் குடி. சிக்கந்தர் பாய் ஒரு காந்தத் துண்டு கொடுத்தார், பாடியில் ஒட்டி ஒட்டிப் பார், ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. சின்னச் சுத்தியல் ஒன்று இருக்கிறது, அது நம் வீட்டுச் சுத்தியல்தான், உன் அப்பா மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறார். நான் பார்சலைக் கட்டிக்கொண்டிருக்கும்போது அவர் போய் ஒரு வெங்காயச் சாக்கை எடுத்து வந்தார், உதறினார், நாலாக மடித்து இதையும் உள்ளே வை என்றார். அந்தமானில் சாக்கு கிடைக்காதா, இதையும் கப்பலில் ஏற்ற வேண்டுமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல், "அடியில விரிச்சுப் படுக்கட்டும். நான் படுக்கல" என்றார். ஆறு வருஷத்தில் அந்த வண்டியைப் பற்றி அவர் பேசியது இவ்வளவுதான். அதனால் சாக்கைக் கட்டியிருக்கிறேன். சட்டை அழுக்காகும் என்று சொல்ல உனக்கு இனி வழியில்லை.

புது வண்டிக்குப் பூசை போட்டு டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பாய், வை, அதற்கு முன்னால் உன் தலை அடியில் போய் வந்திருக்க வேண்டும். நீ நன்றாக இருக்க வேண்டும், உன்னோடு வண்டியில் வருகிறவர்களும் முழுசாக வீடு போய்ச் சேர வேண்டும், பாண்டி கோயிலில் அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன். ஒச்சாயிக்குப் பதிலை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
கா. அன்னக்கொடி